டல்ஹவுசி பிறந்த கோட்டையில் கல்யாணம்: பாட்டியை அழைத்துப் போகலாமா?

கேள்வி: என் அண்ணன் மகன் எடின்பரோவில் டாக்டராக இருக்கிறான். கூட வேலை பார்க்கும் ஸ்காட்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். வருகிற செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, ஊருக்கு வெளியே உள்ள டல்ஹவுசி கோட்டையில் கல்யாணம். அண்ணனும் அண்ணியும் ஒரு மாதம் முன்பே போய்விடுவார்கள். அம்மாவை நான்தான் அழைத்துப் போக வேண்டும். அம்மாவுக்கு 76 வயது, முழங்கால் வலி, முட்டை கலந்த பண்டம் வீட்டுக்குள் வந்தாலே ஆகாது. பேரன் கல்யாணத்தைப் பார்க்க ஆசைதான். ஆனாலும் “புரட்டாசியில் யாராவது கல்யாணம் வைப்பார்களா” என்று முனகுகிறாள். என் கணவரோ, “தஞ்சாவூரை முழுங்கினவன் வீட்டுக்கு நான் வரணுமா” என்கிறார். எங்களுக்கு விசா கிடைக்குமா? அங்கே ஹோமம் வளர்த்துத் தாலி கட்ட விடுவார்களா? சொந்தத்தில் ஐந்தாறு பேர் தாங்களும் வருவதாகச் சொல்கிறார்கள், அழைத்துப் போகலாமா? மாப்பிள்ளைக்கு அத்தையான எனக்கு அங்கே என்ன வேலை இருக்கும்? — ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்:

அன்புள்ள அம்மா,

திருச்சியில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாக விசா, டிக்கெட், வெளிநாட்டுக் கல்யாணப் பயணம் என்று இதையே செய்துகொண்டிருக்கிறேன். இத்தனைக் கேள்விகளை ஒரே கடிதத்தில் அடைத்து அனுப்பியவர் நீங்கள்தான். உங்கள் வீட்டுக்காரரிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

அவர் சொன்னது சரியே. 1848 முதல் 1856 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹவுசி பிரபு 1812-ல் பிறந்ததும் அந்தக் கோட்டையில்தான், 1860-ல் இறந்ததும் அங்கேதான். ஆண் வாரிசு இல்லாமல் ராஜா இறந்தால் நாடு கம்பெனிக்கு, தத்துப்பிள்ளை செல்லாது என்று சொல்லி சதாரா, ஜான்சி, நாகபுரி என்று வரிசையாக எடுத்துக்கொண்டவர். தஞ்சாவூரில் ஆட்சி 1799-லேயே கம்பெனி கைக்குப் போயாயிற்று. மிச்சம் இருந்தது கோட்டையும் ராஜா என்ற பெயரும்தான். 1855-ல் இரண்டாம் சிவாஜி மகன் இல்லாமல் இறந்தபோது அதுவும் போயிற்று. அதோடு நிற்காமல் அரண்மனைச் சொந்தச் சொத்தையும் சேர்த்துப் பூட்டி முத்திரை வைத்தார்கள். மூத்த ராணி காமாட்சி பாய் கோர்ட்டுக்குப் போனார். சென்னையில் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. 1859-ல் அன்றைய கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல், கோர்ட்டு விசாரிக்க முடியாது என்று அதைத் தள்ளிவிட்டது. சொத்து திரும்பக் கைக்கு வந்தது 1862-ல்தான்.

இதன் மறுபாதியையும் உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். டல்ஹவுசிக்கு இரண்டு பெண்கள், ஆண் பிள்ளை கிடையாது. 1849-ல் அவருக்குக் கொடுத்த மார்க்விஸ் பட்டம், அவர் 48 வயதில் கண்ணை மூடியதோடு வாரிசில்லாமல் அற்றுப்போனது. பழைய எர்ல் பட்டம் மட்டும் தாயாதி ஒருவருக்குப் போயிற்று. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் அந்தக் கோட்டை வாசலில் நின்று இதை நினைத்துப் பார்ப்பதற்காகவே டிக்கெட் போடலாம் என்பது என் கட்சி. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருப்பவரிடம் தாராளமாகச் சொல்லட்டும், ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இந்த மாதிரிக் கதை பிடிக்கும். மைக்கைக் கையில் கொடுத்தால் மட்டும் வேண்டாம்.

இப்போது அந்த இடம் ஓட்டலாக நடக்கிறது. எடின்பரோவுக்குத் தெற்கே எட்டு மைல், போனிரிக் என்ற சிற்றூர்ப் பக்கம், எஸ்க் ஆற்றங்கரையில். 13-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது, இன்று நிற்பதில் பெரும்பகுதி 15-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். இந்த வயதை நான் சொல்வது பெருமைக்காக அல்ல. உங்கள் அம்மாவின் முழங்காலுக்காக.

பழைய கோட்டைகளில் படிக்கட்டு என்பது பெரும்பாலும் கல்லில் வெட்டிய சுருள் படி. ஒரு பக்கம் அகலமாக இருக்கும், நடுத்தூண் பக்கம் விரல் கடை அளவு இருக்கும், ஒவ்வொரு படியும் ஒவ்வோர் உயரம். கைப்பிடிக்குக் கயிறு தொங்கினால் அதிர்ஷ்டம். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் நினைத்தபடி சுவரை உடைத்து லிப்ட் வைக்க முடியாது. சில வருடங்களுக்கு முன், வேறொரு கோட்டைக்கு நான் அனுப்பிய காரைக்குடிக் குடும்பத்தில், பாட்டிக்கு “அழகான கோபுர அறை” என்று சந்தோஷமாக ஒதுக்கிவிட்டார்கள். மூன்றாம் மாடி. இரண்டு நாளும் பேரன்மார்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். முன்கூட்டிக் கேட்காதது என் தப்பு. அன்றிலிருந்து அறை எண் தெரியாமல் நான் டிக்கெட் போடுவதில்லை.

ஆகவே உங்கள் முதல் வேலை மருமகனுக்கு ஒரு வாட்ஸாப். அம்மாவுக்குத் தரைத்தள அறை கிடைக்குமா? சடங்கு நடக்கும் கூடத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் எத்தனைப் படி? குளியலறையில் தனி ஷவரா, தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் வயதானவர்கள் வழுக்கி விழுவது கோட்டைப் படியில் அல்ல, அந்த வழவழப்பான தொட்டி விளிம்பில்தான். தரைத்தள அறை இல்லை என்று பதில் வந்தால் மனக்கசப்பே வேண்டாம். எடின்பரோவில் லிப்ட் உள்ள சாதாரண ஓட்டலில் தங்கி, கல்யாணத்தன்று டாக்சியில் போய் வாருங்கள், அரை மணி நேரம்தான். இளசுகள் ரயிலில் எஸ்க்பேங்க் ஸ்டேஷன் வரை போய் அங்கிருந்து வண்டி பிடிக்கலாம்.

விசாவுக்கு வருகிறேன். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்களுக்குத்தான் தனி விசா. கல்யாணம் பார்க்கப் போகிற உங்களுக்குச் சாதாரண விசிட்டர் விசா போதும். ஆளுக்கொரு விண்ணப்பம், குடும்பத்துக்குச் சேர்த்து ஒன்று என்பது கிடையாது. பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. அதனால் ஜூன் கடைசியில் ஆன்லைனில் போட்டு, சென்னை மையத்தில் கைரேகை கொடுத்துவிட்டு வாருங்கள். வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு தெரியும். ஆறு மாத விசாவுக்கு ஆளுக்கு நூறு பவுண்டுக்கு மேல் ஆகிறது. அடிக்கடி ஏற்றுகிறார்கள், அன்றைய தொகையை அரசுத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மறுத்தால் பணம் திரும்பாது, அப்பீலும் இல்லை. புதிதாக விண்ணப்பிக்கத்தான் முடியும்.

மறுப்பு எதனால் வருகிறது? நான் பார்த்தவரை வயதாலோ ஆங்கிலம் தெரியாததாலோ அல்ல. இரண்டு காரணம் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது, பாஸ்புக்கை அலங்கரிப்பது. மாதா மாதம் பென்ஷன் வந்து போகிற கணக்கில் திடீரென்று ஐந்து லட்சம் வந்து உட்கார்ந்திருக்கும். கேட்டால், “அதிகாரி பார்த்துத் திருப்திப்படட்டும் என்று தம்பியிடம் வாங்கிப் போட்டோம்” என்பார்கள். அதிகாரிக்கு எழுவது திருப்தி அல்ல, சந்தேகம். அம்மாவின் கணக்கில் குடும்ப பென்ஷன் மட்டும்தான் வருகிறது என்றால் அப்படியே காட்டுங்கள். செலவை அண்ணன் ஏற்கிறார் என்றால் அவர் கையெழுத்துப் போட்ட கடிதமும் அவருடைய ஆறு மாத வங்கிக் கணக்கும் போதும். வீட்டுப் பத்திரம், உங்கள் வீட்டுக்காரரின் பென்ஷன் உத்தரவு, வருமான வரிக் கணக்கு எல்லாம் ஊரில் உங்களுக்கு வேர் இருக்கிறது என்பதைச் சொல்லும்.

இரண்டாவது, நம் பெயர்கள். இது தமிழர்களுக்கே உரிய தலைவலி. உங்கள் அப்பா பெயரின் முதலெழுத்து உங்கள் அண்ணனுக்கு இனிஷியல், அண்ணன் பெயரின் முதலெழுத்து அவர் மகனுக்கு. உங்களுக்கோ கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடமே காலியாக இருக்கும். நாலு பாஸ்போர்ட்டையும் வரிசையாக வைத்தால், இவர்கள் ஒரே குடும்பம் என்று பார்க்கிற அதிகாரிக்கு எதை வைத்துத் தெரியும்? ஒரு முழுத்தாளில் வம்சக் கொடி வரையுங்கள். மேலே அம்மா, கீழே அண்ணனும் நீங்களும், அதற்குக் கீழே மாப்பிள்ளை. ஒவ்வொரு பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படி, பக்கத்தில் பாஸ்போர்ட் எண். எங்கள் ஊரில் தந்தை பெயர்தான் முன்னெழுத்தாக வரும் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அண்ணனின் பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ கூட வையுங்கள். இந்த ஒரு தாளால் தப்பித்த விண்ணப்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளை அனுப்ப வேண்டியவை: அழைப்புக் கடிதம், அவருடைய வேலைச் சான்று, அங்கே தங்கும் உரிமைக்கான அத்தாட்சி, கோட்டையில் இடம் பதிவு செய்த ரசீது நகல். கல்யாண நோட்டீசை அங்குள்ள பதிவாளரிடம் கல்யாணத்துக்கு மூன்று மாதத்திற்குள், 29 நாளுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். எம்10 படிவம் என்பார்கள். அது அவர்கள் கவலை. ஆனால் டாக்டர்கள் டியூட்டியில் தேதியை மறந்துவிடக்கூடியவர்கள். அத்தை என்ற முறையில் ஆடி பிறந்ததும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

விசா வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட் போடாதீர்கள். துபாய் அல்லது தோஹா வழியாக நேரே எடின்பரோவில் இறங்க முடிகிறது. சென்னையிலிருந்து நேராக லண்டன் போய், கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறி நாலரை மணி நேரத்தில் சேர்வது இன்னொரு வழி. அம்மாவுக்கு முதல் வழிதான். முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில் இருக்கட்டும், அப்போதுதான் முதல் விமானம் தாமதமானால் அடுத்தது அவர்கள் பொறுப்பு. சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே பதியச் சொல்லுங்கள், காசு கிடையாது. புதன்கிழமையாவது போய் இறங்கிவிடுங்கள். அம்மாவின் வயதுக்கு மருத்துவக் காப்பீட்டில் ரத்த அழுத்தம், சர்க்கரை எதையும் மறைக்க வேண்டாம். அவசரப் பிரிவில் பார்ப்பதற்கு அங்கே காசு கேட்பதில்லை. வார்டில் படுக்க வைத்தால் பில் வரும்.

அப்புறம் அந்த ஐந்தாறு பேர். இதில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன்: கூடாது. நம் ஊரில் பத்திரிகையில் “சுற்றமும் நட்பும் சூழ” என்று அச்சடித்துவிட்டு ஐம்பது இலை கூடுதலாகப் போடுகிறோம். அங்கே அழைப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் நாற்காலி. மேசையில் பெயர் எழுதிய சின்ன அட்டையே வைத்திருப்பார்கள். கூடத்தில் எத்தனைப் பேர் இருக்கலாம் என்பதற்குத் தீயணைப்பு விதிப்படி கணக்கு உண்டு, பெண் வீட்டாரின் அத்தை சித்திகளே அந்தக் கணக்கில் விடுபட்டிருப்பார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஆட்டத்துக்கு மட்டும் தனி அழைப்பு கொடுப்பது அங்கே வழக்கம்தான், அது அவமரியாதை இல்லை. ஆனால் அதற்காகக் கும்பகோணத்திலிருந்து யார் போவார்கள்?

இங்கேதான் ஹோமக் கேள்வியும் வருகிறது. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ஒரு வசதி உண்டு. இங்கிலாந்தில் கல்யாணம் செய்யும் கட்டடத்துக்கு அனுமதி வேண்டும், ஸ்காட்லாந்தில் நடத்தி வைப்பவருக்கு அனுமதி இருந்தால் போதும். அதனால்தான் கோட்டை, மலை, கடற்கரை என்று எங்கே வேண்டுமானாலும் கல்யாணம் நடக்கிறது. மதச் சார்பற்ற மனிதநேயச் சடங்குக்கும் 2005 முதல் சட்ட மதிப்பு உண்டு. அந்தச் சடங்கின் நடுவே மாலை மாற்றித் தாலி கட்ட யாரும் தடை சொல்ல மாட்டார்கள், மணமக்கள் முன்கூட்டிச் சொன்னால் போதும். நாத்தனார் முடிச்சும் போடலாம். அக்கினி மட்டும் சிரமம். நூற்றாண்டுகள் பழைய மர உத்தரத்துக்குக் கீழே நெய் ஊற்றித் தீ வளர்க்க எந்த மேலாளர் சம்மதிப்பார்? புகை அலாரம் அடித்து நூறு பேரும் மழையில் புல்வெளியில் நிற்பார்கள். வெளியே பந்தல் போட்டுச் செய்ய அனுமதிக்கும் இடங்கள் உண்டு. ஆனால் கூடம் கைக்கு வருவதே சில மணி நேரம், அதற்குள் ஊஞ்சலில் தொடங்கி சப்தபதி வரை ஓட்டிப் பார்த்த குடும்பங்களை எனக்குத் தெரியும். சாஸ்திரிகளும் வேர்த்துப்போவார், பெண் வீட்டாரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், கடைசியில் இரண்டு கல்யாணமும் அரைகுறை.

என் யோசனை: கோட்டைக்குக் கல்யாணம் பார்க்கப் போங்கள். கல்யாணம் நடத்துவதைத் தை மாதத்தில் கும்பகோணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கினி, அம்மி, அருந்ததி, நாதஸ்வரம் எல்லாம் அங்கே. வர ஆசைப்படும் ஐந்தாறு பேர் ஐநூறு பேராகவே வரட்டும். அம்மாவின் புரட்டாசிக் குறையும் அதில் தீரும். செப்டம்பரில் நடப்பது கையெழுத்தும் விருந்தும், முகூர்த்தம் தையில்தான் என்று சொல்லிப் பாருங்கள். நான் ஜோசியன் இல்லை, அனுபவத்தில் சொல்கிறேன், பெரியவர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். கோட்டைகளில் சனிக்கிழமைகள் ஒன்றிரண்டு வருடம் முன்பே நிரம்பிவிடும், ஆகவே தேதியை மாற்றச் சொல்லி அந்தப் பிள்ளைகளை இப்போது நெருக்க வேண்டாம்.

புரட்டாசிச் சனி என்றால் சாப்பாடு இன்னும் கவனம். பதில் அட்டையில் “வெஜிடேரியன்” என்று மட்டும் எழுதினால் முட்டை வரும். அங்கே முட்டை சைவத்தில் சேர்த்தி. “வீகன்” என்று எழுதினால் தயிரும் வெண்ணெயும் போய்விடும். “இறைச்சி, மீன், முட்டை, ஜெலட்டின் கூடாது, பால், தயிர், வெண்ணெய் சரி” என்று முழு வாக்கியமாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஹாகிஸ் என்பது ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு வேக வைத்த தேசியப் பண்டம். பயறும் பருப்பும் போட்ட சைவ ஹாகிஸ் 1984 முதல் கடையில் கிடைக்கிறது, நன்றாகவே இருக்கும். குளூட்டி டம்ப்ளிங் என்று ஓர் இனிப்பு வரும். பார்க்க நம் பழக் கேக் மாதிரி இருக்கும், உள்ளே மாட்டுக் கொழுப்பு சேர்ப்பார்கள். கிரானகன் என்றால் கிரீம், ராஸ்பெரி, கூடவே விஸ்கி. கல்யாணக் கேக்கில் முட்டை உண்டு. அம்மாவுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு அப்படியே பக்கத்து இலைக்கு, இல்லை, பக்கத்துத் தட்டுக்குத் தள்ளிவிடலாம்.

புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, தொக்கு கொண்டுபோங்கள். நெய், பால்கோவா வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பண்டங்களை அந்த நாட்டுக்குள் பயணிகள் எடுத்துப் போகக்கூடாது. மல்லிகைச் சரம் கட்டி ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போகும் ஆசையையும் விட்டுவிடுங்கள், பூவுக்கும் இலைக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள். கற்பூரம் தீப்பற்றும் பொருள், எந்தப் பெட்டியிலும் ஏற்றக்கூடாது. நகைக்கு ஒரு வார்த்தை: புறப்படும் அன்று விமான நிலையச் சுங்கத்தில் நகையையும் மதிப்பீட்டுத் தாளையும் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது “இது எங்கே வாங்கியது” என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில். இதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே போக வேண்டும்.

உடை விஷயத்தில் பட்டுப்புடவைதான், யோசிக்கவே வேண்டாம். செப்டம்பர் கடைசியில் பகலில் பதினைந்து பதினாறு டிகிரி இருக்கும், கல் சுவருக்குள் இன்னும் குளிரும். புடவைக்குள் தெர்மல், முழுக்கை ரவிக்கை, மேலே கம்பளிச் சால்வை. கோட்டை வாசலில் சரளைக் கல்லும் ஈரப் புல்லும்தான், ஹீல்ஸ் இறங்கிவிடும், தட்டையான செருப்பும் விரல் பிரிந்த காலுறையும் போதும். உங்கள் வீட்டுக்காரரைப் பட்டு வேட்டியில் வரச் சொல்லுங்கள். ஆண்கள் பாதிப் பேர் கில்ட் என்ற கம்பளிப் பாவாடையில் நிற்பார்கள், வேட்டியை யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள். முறையாகத் தைத்த கில்ட்டுக்கு எட்டு கெஜம் கம்பளித் துணி ஆகும். ஒன்பது கெஜம் பார்த்த ஊர்க்காரர்கள் அதற்கு அசரக்கூடாது. காலுறையில் சின்னக் கத்தி செருகியிருப்பார்கள், அதுவும் உடையில் சேர்ந்தது, பயப்பட வேண்டாம்.

அன்றைய நடப்பில் அம்மாவுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டியவை மூன்று. ஒன்று, ஆந்தை. பழக்கிய ஆந்தை ஒன்று கூடத்தின் மேல் பறந்து வந்து மோதிரப் பையை மாப்பிள்ளைத் தோழன் கையில் சேர்ப்பது அங்குள்ள கோட்டைக் கல்யாணங்களில் இப்போது ஒரு மோஸ்தர். மாப்பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். ஆந்தை உண்டு என்றால், வடக்கே அது லட்சுமியின் வாகனம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பொய் ஒன்றும் இல்லை. தெரியாமல் போய், தாலி கட்டும் நேரத்தில் ஆந்தை பறந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு, குவேய்க். இரண்டு பக்கமும் பிடி வைத்த ஏந்தல் கிண்ணம், அதில் விஸ்கி ஊற்றி மணமக்கள் குடிப்பார்கள், சில வீடுகளில் நெருங்கிய சொந்தத்துக்கும் கைமாறும். உங்கள் வரிசைக்குப் பழரசம் ஊற்றச் சொன்னால் மறுக்க மாட்டார்கள். மூன்று, கேலி. எழுத்தில் வேறு மாதிரி இருக்கும், உச்சரிப்பு இதுதான். யாரையும் கேலி செய்வது இல்லை, சேர்ந்தாடும் கிராமிய ஆட்டம். ஒருவர் மைக்கில் அடுத்த அடியைச் சொல்லிக்கொண்டே இருப்பார், தெரியாதவர்களும் ஆடலாம். கும்மியும் கோலாட்டமும் ஆடிய கால்களுக்கு இரண்டாவது சுற்றிலேயே பிடிபட்டுவிடும். நீங்கள் இறங்குங்கள். அழைப்பிதழ் அடியில் “கேரேஜஸ், 12 மணி” என்று இருந்தால் குதிரை வண்டி வரும் என்று நினைக்காதீர்கள், அந்த நேரத்தில் எல்லோரும் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். அம்மாவை ஒன்பது மணிக்கே அறைக்கு அனுப்பிவிடலாம். நம் ஊர் நேரத்துக்கு அது நடுநிசி தாண்டி ஒன்றரை.

உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் நான் அதிகம் யோசித்தேன். சீர்த் தட்டு தூக்க இடமில்லாத கல்யாணத்தில் அத்தைக்கு என்ன வேலை? இரண்டு வேலை இருக்கிறது.

அங்கே பழைய வழக்கம் ஒன்று, மணமக்கள் இருவரின் கைகளையும் சேர்த்து ஒரு துணியால் முடிச்சுப் போடுவது. வழக்கமாக அவர்கள் குலத்துக் கட்டம் போட்ட துணியோ ரிப்பனோ வைப்பார்கள். பக்கத்தில் திருபுவனத்தில் தறியிலேயே சொல்லி, ஒரு சாண் அகலத்தில் பட்டு அங்கவஸ்திரம் ஒன்று நெய்து வாங்குங்கள். பெண் வீட்டாரிடம் அவர்கள் கட்டத்தின் நிறம் என்ன என்று கேட்டு, அதையே கரையில் ஓட்டச் சொல்லலாம். அம்மா அதைக் கையில் எடுத்துக் கொடுக்கட்டும். எடை நூறு கிராம் கூட வராது, சுங்கத்தில் கேள்வி இல்லை.

இன்னொன்று, சாட்சிக் கையெழுத்து. அந்தக் கல்யாணத்தைச் சட்டப்படி கல்யாணமாக்குவது ஒரே ஒரு தாள். அதில் மணமக்கள், நடத்தி வைத்தவர், 16 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று நாளுக்குள் அது பதிவாளரிடம் திரும்பிப் போக வேண்டும். சாட்சிகளாகப் பெரும்பாலும் நண்பர்களைப் போட்டுவிடுவார்கள். மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சி அத்தை என்று நீங்களே இப்போதே கேட்டுவிடுங்கள், உங்கள் முழுப் பெயரையும் விலாசத்தையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அனுப்பிவிடுங்கள். சடங்கு முடிந்த கையோடு சின்ன மேசையில் தாளை விரித்துக் கறுப்பு மைப் பேனாவை நீட்டுவார்கள், படமெடுப்பவர் எதிரே நிற்பார். படிக்கிற கண்ணாடியை அறையில் விட்டுவிட்டு வராதீர்கள். கைப்பையிலேயே இருக்கட்டும்.